ஏகாதசியன்று எண்ணிய பறவைகள்

அபயாம்பாள் தன் வாழ்க்கையில் பேசாமல் இருந்தது மொத்தம் இரண்டு தடவை. முதல் தடவை கல்யாண மேடையில். அன்று பேச யாரும் இடம் கொடுக்கவில்லை. இரண்டாவது தடவை போன தை மாதம், பிக்வன் பக்கத்து உஜனி அணைநீரில், ஒரு படகில் உட்கார்ந்துகொண்டு. இந்தத் தடவை அவளாகவே விரும்பி வாயை மூடிக்கொண்டாள். அந்த நாலரை மணி நேரத்தில் அவள் செய்த விஷமத்தை அறுபத்திரண்டு வருஷம் பேசியே செய்திருக்க முடியாது.

விஷயம் சின்னதுதான். தன் பெயர் ஒரு காகிதத்தில் அச்சாக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

புனேயில் ஔந்துப் பேட்டையில் பறவை பார்க்கிற கோஷ்டி ஒன்று உண்டு. வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்குள் வேன் பிடித்து சோலாப்பூர் ரோட்டில் இரண்டு மணி நேரம் போய், அணைநீர்க் கரையில் இறங்கி, வடக்கேயிருந்து பனிக்காலத்துக்கு வந்திருக்கிற பறவைகளை எண்ணிவிட்டு வருவார்கள். அப்புறம் ஒரு அறிக்கை அச்சடிப்பார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் ‘பார்த்தவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர்கள் வரும். எட்டு வருஷமாக அதில் ஸ்வாமிநாதன் என்ற பெயர் முதலாவதாக வந்துகொண்டிருந்தது. ஸ்வாமிநாதன் அபயாம்பாளின் அகத்துக்காரர். எட்டு அறிக்கைகளும் கூடத்து ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து எட்டு வருஷமும் நோட்டில் எழுதியவள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

“எழுதறவா பேரெல்லாம் போட ஆரம்பிச்சா, அப்புறம் படகு ஓட்டறவன் பேரும் போடணும், டிபன் பண்ணிப் போடறவ பேரும் போடணும். பார்க்கறவா பேர்தான் போடுவா” என்றார் ஸ்வாமிநாதன், ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே.

இதைச் சொன்ன மனிதருக்கு எதிரே வைத்திருந்த அப்பளம் தெரியவில்லை. கையால் தடவித்தான் எடுத்தார்.

இங்கேதான் கதையின் உள் விவகாரம். ஸ்வாமிநாதன் கசார்வாடியில் கியர் செய்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்டர். அவர் ஒரு சாமானைத் திருப்பி அனுப்பினால் முதலாளியே வந்து கேட்டாலும் ஏற்க மாட்டார். நூலிழை வித்தியாசத்தை வெறும் கண்ணால் சொல்கிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர். அந்தக் கண்ணில் இரண்டு வருஷமாகப் புரை. அபயாம்பாள் அதைக் கண்டுபிடித்த நாளை மறக்கவில்லை. எதிர் வீட்டு பால்கனியில் காயப் போட்டிருந்த துண்டைப் பார்த்து அவர் கையை ஆட்டி, “குட் மார்னிங், குல்கர்ணி ஸாப்!” என்றார்.

டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொன்னார். பனியில் “ஸீஸன் முடியட்டும்” என்றார் இவர். கோடையில் “வெயில்ல பண்ணப்படாது” என்றார். ஆடியில் “மழையில இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்” என்றார். ஆக, புரை அதன் பாட்டுக்கு முற்றிக்கொண்டிருந்தது. கோஷ்டியில் யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? அவருக்கு வேறு இரண்டு கண்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தனவே.

அபயாம்பாளின் கண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாயவரத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் புனே வந்தவள். கசார்வாடியில் ஒற்றை அறை, ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்க லேத் சத்தம். கறிகாய்க்காரியோடு சண்டை போட்டே மராத்தி கற்றுக்கொண்டாள். பிறகு ஔந்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்து நாலு வருஷம் வேலை. தாமதமாக வருகிற பிள்ளைகளின் பெயரை எழுதுவது அவள் பொறுப்பு. பின் கேட் வழியாக நழுவுகிறவர்களை மாடி ஜன்னலிலிருந்தே பிடித்துவிடுவாள். முகம் தெரிய வேண்டியதே இல்லை, நடையே போதும். இவன் தோளைச் சாய்த்து ஓடுவான், அவள் பையைத் தலையில் வைத்துக்கொள்வாள் என்று அறுநூறு பிள்ளைகளின் நடை அவளுக்கு அத்துப்படி. பிரின்ஸிபாலின் சொந்தப் பேரனையே ஒரு தடவை எழுதியிருக்கிறாள். திருத்தச் சொன்னார்கள். “வந்தது எட்டு பதிமூணுக்கு. நான் என்ன பண்றது?” என்று கேட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டாள்.

அப்படிப்பட்டவளை ஏரிக்கரையில் கொண்டு விட்டால் என்ன ஆகும்? பறவைகளும் அவளுக்குப் பிள்ளைகளாகிவிட்டன. பெஞ்சுக்கடியில் பென்சில் தேடுகிற மாதிரி தலையைத் தண்ணீரில் விட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது ஊசிவால் வாத்து. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு எப்போது பார்த்தாலும் யாருடனாவது சண்டை போடுவது நாமக்கோழி. பைனாகுலர் ஸ்வாமிநாதன் கழுத்தில்தான் தொங்கும். அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

இருவருக்கும் நடுவில் ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டிருந்தது. படகில் போகும்போது அவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்பாள். “ஏன்னா, அந்த மேட்டுல, தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்டுண்டு மேயறதே, அது என்ன வாத்து?” இவர் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பி, ஒரு நிமிஷம் யோசிக்கிற பாவனை செய்து, “பட்டைத்தலை வாத்து. இமயமலையைத் தாண்டி வரது. எழுதிக்கோ” என்பார். “எத்தனை இருக்கும், ஒரு அறுபத்தெட்டு இருக்குமோ?” என்பாள். “அறுபத்தெட்டு” என்பார். அடுத்த படகிலிருந்து கைதட்டுவார்கள்.

ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருந்தால் அபயாம்பாள் காலம் பூராவும் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள். அவள் மனசு அப்படி. ஆனால் படகுக்காரனையும் டிபனையும் சேர்த்துச் சொல்லிவிட்டாரே, அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்று ராத்திரி பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து காலண்டரைப் பார்த்தாள். கணக்கெடுப்பு ஞாயிறு ஏகாதசியாக இருந்தது.

“அன்னிக்கு நான் மௌன விரதம். சூரியன் வந்ததுலேர்ந்து பன்னெண்டு மணி வரைக்கும்” என்றாள்.

ஸ்வாமிநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அரை நாள் காது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தார். படகில் என்ன ஆகும் என்று அவருக்கு அப்போது தோன்றவே இல்லை.

கரையில் பனி விலகிக்கொண்டிருந்தது. இரண்டு படகுகள். ஒன்றில் கோஷ்டித் தலைவி தேஜஸ்வினியும் ராம்கியும். தேஜஸ்வினி புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், தமிழைப் பேசுவாள், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். ராம்கி கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவன், கைக்குழந்தை சைஸில் ஒரு கேமரா வைத்திருப்பான். இன்னொரு படகில் நம் தம்பதி. அதை ஓட்டுகிறவன் தத்தா, உள்ளூர் மீனவன். ஒரு படகு இடது கரையோரம், மற்றது வலது கரையோரம். நடுவிலுள்ள திட்டை மட்டும் இரண்டு படகுகளும் தனித்தனியாக எண்ண வேண்டும். கடைசியில் ஒரு படகின் நோட்டை மற்றப் படகுக்காரர்கள் உரக்கப் படிக்க வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் ஸ்வாமிநாதன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்தவை. “செஞ்சவனே சோதிக்கப்படாது” என்று கண்டிப்பாகச் சொல்லுவார்.

சூரியன் எட்டிப் பார்த்ததும் அபயாம்பாள் உதட்டின் மேல் விரலை வைத்து எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டாள். படகு நகர்ந்தது.

முதல் கால் மணி நேரம் ஸ்வாமிநாதன் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார்.

“அபயம், அங்க ஏதோ அசையறதே, உனக்குத் தெரியறதோ?”

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். நாற்பத்தொரு கரண்டிவாயன்கள் அலகால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. அழகாகச் சிரித்துவிட்டு மறுபடியும் விரலை உதட்டில் வைத்தாள்.

“கையால காட்டலாமே. விரதத்துக்கு என்ன ஆயிடும்?”

அவள் காதைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகா பாவம் என்று அர்த்தம்.

ஸ்வாமிநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தத்தாவின் முன்னால் மானம் போகக் கூடாது. “கொக்கு. இருபது. எழுதிக்கோ” என்றார்.

அபயாம்பாளின் பென்சில் நோட்டைத் தொட்டபடி நின்றது. அவர் சொன்னதை எழுதினால் அவர் மாட்டிக்கொள்வார். அதுதான் அவள் போட்ட திட்டம். ஆனால் இருபத்து நாலு வருஷம் எட்டு பதிமூன்றை எட்டு பதிமூன்று என்றே எழுதின கை, இல்லாத கொக்கை எழுத மறுத்தது. ‘கரண்டிவாயன் 41’ என்று எழுதினாள். எழுதினதும் அவளுக்கு உடம்பெல்லாம் குறுகுறுவென்று ஒரு சந்தோஷம் வந்தது. பின் கேட் வழியாக நழுவுகிற பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு தடையே இல்லை. அவர் ஒன்று சொல்ல, இவள் ஒன்று எழுத, படகு பாட்டுக்குப் போயிற்று. மீனவர்கள் வலை கட்ட நட்டு வைத்திருந்த கழிகளைப் பார்த்து, “நீர்க்காகம் பதினேழு, வரிசையா இறக்கையை உணத்திண்டு நிக்கறது” என்றார். ‘கழி 17. நீர்க்காகம் 0’ என்று எழுதினாள். திட்டில் மேய்ந்த பட்டைத்தலை வாத்துகளை “முன்னூறு, குறையாது” என்றார். அவள் இரண்டு தடவை எண்ணி 212 என்று போட்டாள். தூரத்தில் பூநாரைகள் சேற்றில் இளஞ்சிவப்பாக நின்றிருந்தன. அதைக்கூட அவர் பாராமல் போய்விட்டார். அவள் மட்டும் ஒவ்வொன்றாக எண்ணினாள். அறுபத்தாறு. அதில் ஒன்று ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஸ்வாமிநாதன் கழிகளைக் கை நீட்டி எண்ணியதைக் கவனித்த தத்தா துடுப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவன் அந்தப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கக் குலுங்கத் துடுப்புப் போட்டான்.

வலது கரை திரும்பியதும் ஸ்வாமிநாதன் துள்ளி எழுந்தார். படகு ஆடியது.

“அபயம்! கடற்காகம், ஸீகல்! எத்தனை பாரு!”

கறுத்த தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக ஒரு நீண்ட வரிசை. இவர் பத்துப் பத்தாகப் பிரித்து, விரலை மடக்கி எண்ணினார். “நூத்தி நாப்பது! எவ்வளவு டிஸிப்ளினா உக்காந்திருக்கு பாரேன். நாம கிட்டப் போனாக்கூட ஒண்ணு எழுந்து போகலை.”

எழுந்து போகாததற்குக் காரணம் இருந்தது. அவை வலையில் கட்டிய தெர்மகோல் துண்டுகள்.

“காகூ, தே தர் தர்மாகோல் ஆஹே”, மாமி, அது தெர்மகோல் என்று தத்தா மராத்தியில் அவள் காதருகே கிசுகிசுத்தான். அவள் தலையை ஆட்டினாள். தெரியும்.

“பத்து வருஷமா இந்த மாதிரி பார்க்கணும்னு நெனைச்சுண்டிருந்தேன், அபயம்” என்றார் ஸ்வாமிநாதன். கண்ணில் நீர் கோத்திருந்தது. புரையால் வந்த நீரா, மனசால் வந்த நீரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாவம் இந்த மனுஷர் என்று தோன்றியது. விரதமாவது ஒன்றாவது, “ஏன்னா, அது பறவை இல்லை” என்று சொல்லிவிடத் துடித்தாள். உதடு பிரிந்துகூட விட்டது. அந்த நேரம் பார்த்து அவர், “என் பேருக்குக் கீழ இதைத் தனியா கொட்டை எழுத்துல போடச் சொல்லணும்” என்றார்.

அபயாம்பாள் உதட்டை மூடிக்கொண்டு, ‘வலை மிதவை 140’ என்று எழுதினாள். எழுதுமுன் அவளும் ஒருதரம் எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கையில் பிசகே இல்லை. முப்பத்தோரு வருஷ உத்தியோகம் லேசுப்பட்டதா?

பதினோரு மணிக்குக் கரையில் கருவேல மரத்தடியில் பாய் விரித்தார்கள். மற்றவர்களுக்கு அவல் போஹா, ஏகாதசிக்காரிக்குத் தத்தாவின் பெண்டாட்டி ஜவ்வரிசிக் கிச்சடி செய்து அனுப்பியிருந்தாள். நோட்டுகள் கை மாறின. தேஜஸ்வினியின் தாளை வாங்கிக்கொண்ட ஸ்வாமிநாதன், “கண்ணாடி வேன்ல இருக்கு, நீயே படிடா” என்று ராம்கியிடம் கொடுத்தார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

தேஜஸ்வினி அபயாம்பாளின் தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “க... ரண்... டி... வாயன், நாற்பத்தொண்ணு.”

ஸ்வாமிநாதன் கையிலிருந்த போஹா தட்டுக்குத் திரும்பியது. அவர் கரண்டிவாயன் என்று சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லை.

“பட்... டைத்தலை வாத்து. திட்டு. இருநூத்திப் பன்னெண்டு.”

ராம்கி தன் தாளைப் பார்த்தான். “ஃபோட்டோவுல பெருசாக்கி எண்ணினோமுங்க, இருநூத்திப் பன்னெண்டு. மாமா, கேமராவே தோத்துப்போச்சுங்க!”

எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்வாமிநாதன் “ம்ம்” என்றார். மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் ஜவ்வரிசியை ஒவ்வொரு மணியாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வலை மி... த... வை. நூத்தி நாற்பது.” தேஜஸ்வினி நெற்றியைச் சுருக்கினாள். “மாமி, இது எந்த பர்ட்? லிஸ்ட்லயே இல்லியே.”

தத்தாவுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் நூற்று நாற்பது என்றதும் ராம்கி விரலால் எண்ணைக் காட்ட, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே தண்ணீரில் வரிசையாக மிதந்த தெர்மகோலைக் காட்டினான். ராம்கிக்குப் புரிந்தது. அப்புறம் தேஜஸ்வினிக்கு. இருவரும் பெரியவர் முன்னால் சிரிக்கக் கூடாதென்று கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டார்கள்.

ஸ்வாமிநாதனுக்கும் புரிந்தது. டிஸிப்ளினாக உட்கார்ந்திருந்த கடற்காகங்கள் எவை என்று புரிந்தது. நோட்டில் சரியாக இருந்ததெல்லாம் யாருடையது என்றும் புரிந்தது.

“சரி மாமா, ‘பார்த்தவர்’ கட்டத்துல வழக்கம் போல உங்க பேரே போட்டுடறேன்” என்று தேஜஸ்வினி பேனாவைத் திறந்தாள்.

அபயாம்பாளுக்குத் திக்கென்றது. மணி பதினொன்று முப்பத்தைந்து. வாயைத் திறக்க முடியாது. எட்டு வருஷமாகக் காத்திருந்த கட்டம் இதோ நிரம்பப் போகிறது, தானே போட்டுக்கொண்ட பூட்டு வாயில் தொங்குகிறது. பேனாவைப் பிடுங்கி எழுதலாம்தான். ஆனால் பிடுங்கி எழுதிக்கொள்கிற பெயருக்கு என்ன மரியாதை? அவர் வாயால் வர வேண்டும். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்வாமிநாதன் தட்டைக் கீழே வைத்தார். கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார்.

“என் பேர் போடாதே.”

“ஏன் மாமா?”

“நான் பார்த்தாத்தானே? ரெண்டு வருஷமா நான் ஒண்ணுமே பார்க்கலை. கண்ணுல புரை. இவ கேள்வி கேப்பா, நான் பதில் சொல்லுவேன். பதில் கேள்வியிலேயே இருக்கும். இன்னிக்கு இவ கேக்கலை. நான் தெர்மகோலை எண்ணிண்டு வந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. இந்த மனுஷர் முதலாளியிடம்கூட இப்படித் தலை குனிந்து அவள் பார்த்ததில்லை. பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அறிக்கையும் வேண்டாம் அச்சும் வேண்டாம் என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

“குடு, நானே எழுதறேன். இவளுக்கு நான் பட்ட கடன் அது” என்று அவர் தாளை வாங்கி, மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து, தடவித் தடவிக் கட்டத்தைக் கண்டுபிடித்து, மெதுவாக எழுதினார். எழுதி முடித்து, பெரிய காரியம் செய்துவிட்ட முகத்தோடு அவளிடம் நீட்டினார்.

அபயாம்பாள் படித்தாள்.

‘திருமதி ஸ்வாமிநாதன்’ என்று இருந்தது.

விரதம் முடிய இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருந்தது. காலையிலிருந்து சேர்த்த புண்ணியம் கொஞ்சமில்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“ஏன்னா, யாரு இந்த அம்மா?”

குரலைக் கேட்டு எல்லோரும் திடுக்கிட்டார்கள். ஸ்வாமிநாதன் விழித்தார். “எந்த அம்மா?”

“நீங்க எழுதியிருக்கேளே, அந்த அம்மாதான். அவ நம்ம படகுல வந்தாளா? நான் பார்க்கலையே.”

அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு பேனாவை எடுத்து, எழுதினதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதன் மேலேயே எழுத ஆரம்பித்தார். நாற்பது வருஷமாக அகத்தில் ‘அபயம்’, வெளியில் ‘மிஸஸ்’ என்றே பழகின கை. முழுப் பெயரை அது எழுதிப் பல காலம் ஆகியிருக்க வேண்டும். கட்டத்துக்குள் அடங்காமல் கடைசி இரண்டு எழுத்து வெளியே போய் விழுந்தது.

தேஜஸ்வினி தலையைச் சாய்த்து, எழுத்துக்கூட்டி, நிதானமாகப் படித்தாள். “அ... ப... யாம்... பாள். மாமி, முன்னாடி இனிஷியல் என்ன போடட்டும்?”

“ஒண்ணும் வேண்டாம்மா. பேர் மட்டும் போதும்” என்றாள் அபயாம்பாள்.

ஸ்வாமிநாதன் பேனாவை மூடி அபயாம்பாளிடம் கொடுத்தார்.